காலாவதியான ஃபிலிமோடு தேக்கா சந்தைக்குப் போகலாமா?

ஈசூன்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் பெரியப்பா வீடு மாறியபோது, அலமாரியின் மேல்தட்டில் கிடந்த ஒரு பிஸ்கட் டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டார். உள்ளே நிறைய ஃபிலிம் ரோல்கள். பெரும்பாலானவை 2007 என்று தேதி அச்சிட்ட கோடக் கோல்டு 200. சில 2009ஆம் ஆண்டோடு காலாவதியான ஃபூஜி சுப்பீரியா 400. அடியில் கொஞ்சம் இல்ஃபோர்டு எச்பி5 கறுப்பு-வெள்ளையும், ஸ்லைடுக்கான ஒரு புரோவியா 100எஃப் ரோலும் இருந்தன. எதுவும் குளிர்பதனப் பெட்டியைக் கண்டதில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுப் படுக்கையறை அலமாரியிலேயே இத்தனை காலமும் இருந்திருக்கின்றன.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேன் சந்தை, பஃபலோ சாலையின் காய்கறிக் கடைகள், தேக்கா நிலையத்தின் கீழ்த்தளம் ஆகியவற்றை இந்த ரோல்களில் எடுக்க விரும்புகிறேன். என்னிடம் இருப்பவை 50 மி.மீ. எஃப்2 லென்ஸ் பொருத்திய பென்டாக்ஸ் கே1000 ஒன்றும், தானாகவே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் சிறிய கேமரா ஒன்றும்தான். எவ்வளவு ஒளி கூட்டிக் கொடுக்க வேண்டும், விளக்கு போட்ட பிறகும் எடுக்கலாமா, எந்த ரோலை எதற்கு ஒதுக்கலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

இருட்டறை எழுதியது:

பத்தாண்டுக்கு ஒரு ஸ்டாப் (ஒளியை இரட்டிப்பாக்கும் ஒரு படி) கூடுதல் ஒளி என்ற கணக்கை எல்லோரும் சொல்வார்கள். நிழலான, உலர்ந்த இடத்தில் இருந்த கலர் நெகட்டிவுக்கு அது ஓரளவு பொருந்தும். ஆண்டு முழுவதும் முப்பது டிகிரியை ஒட்டிய வெப்பத்திலும், எண்பது விழுக்காட்டைச் சாதாரணமாகத் தொடும் ஈரப்பதத்திலும் கிடந்த சிங்கப்பூர் ரோலுக்கு அதைக் குறைந்தபட்சக் கணக்காகத்தான் கொள்ள வேண்டும்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் காரணம் தெரியாமல் எண்ணை மட்டும் பிடித்துக்கொள்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஃபிலிமில் உள்ள வெள்ளி ஹாலைடு படிகங்கள், ஒளியே படாவிட்டாலும், வெப்பத்தாலும் நம்மைச் சுற்றி எப்போதும் இருக்கும் இயற்கைக் கதிர்வீச்சாலும் மெல்ல மெல்லப் பாதிக்கப்படுகின்றன. கழுவும்போது அந்தப் படிகங்களும் ஒளி பட்டவை போலவே நடந்துகொள்வதால், நெகட்டிவ் முழுவதும் ஒரு மூட்டம் படிகிறது. அதோடு ஃபிலிமின் உண்மையான வேகமும், அதாவது ஒளியை உணரும் திறனும், குறைந்துபோகிறது. நாம் கூட்டிக் கொடுக்கும் ஒளி அந்த மூட்டத்தை நீக்குவதில்லை. படத்தின் நிழல் பகுதிகளை மூட்டத்துக்கு மேலே தூக்கி நிறுத்துகிறது, அவ்வளவுதான். கலர் நெகட்டிவ் கூடுதல் ஒளியைத் தாராளமாகத் தாங்கும் என்பதால் வெளிச்சப் பகுதிகள் பெரிதாகக் கெடாது.

வேகமான ஃபிலிம் விரைவாக முதுமை அடையும். ஆகவே 2009 என்று எழுதியிருந்தாலும், உங்கள் சுப்பீரியா 400, அதைவிட மூத்த கோல்டு 200ஐக் காட்டிலும் மோசமாக இருந்தால் வியப்படைய வேண்டாம். கோல்டை ஐஎஸ்ஓ (ஃபிலிமின் வேகத்தைக் குறிக்கும் எண்; குறைத்து வைத்தால் கூடுதல் ஒளி விழும்) 50 என்றும் சுப்பீரியாவை 80 அல்லது 100 என்றும் வைத்துத் தொடங்குங்கள். அதற்கு முன் ஒவ்வொரு வகையிலும் ஒரு ரோலைச் சோதனைக்கு ஒதுக்குவது நல்லது. புளோக்கின் கீழ்த்தளத்தில் வெள்ளைச் சுவரும் நிழலும் ஒன்றாகத் தெரியும் இடத்தில், ஒரே காட்சியை 200, 100, 50, 25 என்று மாற்றி மாற்றி எடுங்கள். கழுவிய பிறகு முதலில் படத்தைப் பார்க்காதீர்கள். ஓரத்தில் உள்ள எண்களையும் எழுத்துகளையும் பாருங்கள். அவை தொழிற்சாலையிலேயே ஒளியால் பதிக்கப்பட்டவை. அவையே மூட்டத்துக்குள் மங்கிக் கிடந்தால் அந்த ரோல் பட்ட பாடு எத்தகையது என்று தெரிந்துவிடும்.

இனி விளக்கு வெளிச்சத்துக்கு வருவோம். திருவிழா விளக்குகள் எரியும் கடைத்தெரு வெளிச்சத்தை அளக்கும் ஈவி என்ற அளவீட்டில் ஏறத்தாழ 7 இருக்கும். ஐஎஸ்ஓ 50 என்று வைத்தால் உங்கள் லென்ஸை எஃப்2க்கு முழுவதும் திறந்தாலும் ஷட்டர் 1/15 நொடிக்கு இறங்கிவிடும். நின்று பேரம் பேசும் மனிதர்கூட அந்த வேகத்தில் நெளிந்துவிடுவார். காலையில், கடைகளின் முன்னே கூரையோடு ஓடும் ஐந்தடிப் பாதையின் நிழலில் எஃப்4, 1/60 என்று வசதியாக எடுக்கலாம். ஆகவே காலாவதியான ரோல்களை விளக்கு வைப்பதற்கு முன்பே செலவழித்துவிடுங்கள்.

தேக்கா மாடி எழுதியது:

இருட்டறை ஐயா சொன்ன கணக்கில் எனக்கு மறுப்பு இல்லை. நோக்கத்தில்தான் மறுப்பு இருக்கிறது. காலாவதியான ஃபிலிம் என்பது ஒரு காலத்தில் கடைக்காரர் கழிக்க நினைத்த சரக்கு. இன்று அதையே ‘பழைய கால நிறம்’ என்று சொல்லி, புதிய ரோலுக்கு நெருக்கமான விலைக்கு விற்கிறார்கள், சில வேளைகளில் அதற்கு மேலும் கேட்கிறார்கள். கழுவுவதற்கும் ஸ்கேன் செய்வதற்கும் ஆகும் செலவு புதிய ரோலுக்கும் பழைய ரோலுக்கும் ஒன்றே. அப்படியிருக்க, நிச்சயமில்லாத பொருளில் அந்தச் செலவை ஏன் போட வேண்டும்?

அதைவிட முக்கியமானது இடம். தேக்காவை எதற்காக எடுக்கிறோம்? அங்கே இருக்கும் நிறத்துக்காக. கனகாம்பரத்தின் செம்மஞ்சளுக்கும் செவ்வந்தியின் மஞ்சளுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட முடியாத ஃபிலிமைக் கொண்டுபோய்ப் பூக்கடையை எடுத்து, வந்த பழுப்பு நிறத்தைக் ‘கடந்தகால ஏக்கம்’ என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இருபது ஆண்டுக்கு முன் எடுக்கப்பட்ட படங்கள் எடுத்த நாளில் பளிச்சென்றுதான் இருந்தன. இன்றைய சந்தையை வலிந்து பழையதாக்குவது அந்தச் சந்தையைப் பற்றிய செய்தி ஆகாது.

பூக்கடைப் பேத்தி எழுதியது:

ஃபிலிமைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. கேமராவுக்கு மறுபக்கத்தில் வளர்ந்தவள் என்ற முறையில் சில செய்திகளைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

தீபாவளிக்கு முந்தைய இரண்டு மூன்று நாள்களில் வராதீர்கள், தம்பி. அப்போது கட்டி முடிக்க வேண்டிய மாலைகளின் எண்ணிக்கை கடைக்காரர் தலையில் ஓடிக்கொண்டிருக்கும். வெள்ளிக்கிழமைக் காலையும் அப்படித்தான். வார நாளில், கடை திறந்து சரக்கைப் பிரித்து முடித்த பிறகு வந்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். முதலில் ஏதாவது வாங்குங்கள். ஒரு முழம் பூவோ, ஒரு கட்டு வெற்றிலையோ போதும். வாங்கிவிட்டு, ‘அக்கா, ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?’ என்று கேட்பதற்கும், எதிர்த்திசைத் தூணின் மறைவிலிருந்து எடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் படத்தைப் பார்ப்பவர்கள்கூடக் கண்டுகொள்வார்கள்.

பழைய கேமராக்காரர்களிடம் ஒரு சிக்கல் உண்டு. குவியத்தைச் சரிசெய்து, ஒளியை அளந்து, ஒரு அடி பின்னே போய், மறுபடியும் அளந்து என்று நேரம் எடுத்துக்கொள்வார்கள். ஐந்தடிப் பாதை பெயருக்கு ஏற்ற அகலம்தான். அதிலும் பாதியைப் பூக்கூடைகள் பிடித்திருக்கும். தள்ளுவண்டியோடு வரும் அம்மா உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார் என்பதைக் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருப்பவர் கவனிப்பதில்லை. அளவெல்லாம் முன்கூட்டியே வைத்துக்கொண்டு வந்தால் நல்லது.

தேக்கா மாடி அண்ணன் கேட்ட நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பூக்கட்டுபவரை எடுக்க வருபவர்கள் எல்லோரும் மாலையைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது விரல்கள். நாரைக் கால் கட்டைவிரலில் மாட்டிக் கட்டியவர்கள் என் பாட்டி காலத்தவர்கள். இப்போது மேசையின் ஆணியில் நூலைச் சுற்றிக்கொள்கிறார்கள். இடக்கை இரண்டு மொட்டுகளை இப்படியும் இரண்டை அப்படியும் வைக்க, வலக்கை நூலை ஒரு சுழற்று சுழற்றி இழுக்கும். அந்த இழுப்பில் காம்பு நசுங்கக் கூடாது, பூவும் நழுவக் கூடாது. அதை எடுக்க நிறம் தேவையே இல்லை.

பழைய நெகட்டிவ் எழுதியது:

பேத்தி சொன்ன கடைசி வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். எச்பி5 ரோல்களைப் பூக்கட்டும் விரல்களுக்கு வைத்துக்கொள்ளலாம். கறுப்பு-வெள்ளை ஃபிலிமில் நிற அடுக்குகள் இல்லாததால் முதுமை அதை அவ்வளவு எளிதில் சிதைப்பதில்லை. ஐஎஸ்ஓ 100 என்று வைத்து எடுத்து, எச்.சி.110 போன்ற மூட்டம் குறைவாகத் தரும் டெவலப்பரில் கழுவினால் கௌரவமான நெகட்டிவ் கிடைக்கும்.

தேக்கா மாடியின் கேள்விக்கு நான் சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையை வைத்துப் பதில் சொல்கிறேன். 1930களில் தொடங்கி, ‘திருட்டுச் சந்தை’ என்ற பெயரோடு வாழ்ந்த அந்தச் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டது. ஜாலான் புசார் எம்ஆர்டி நிலையக் கட்டுமானத்துக்காக 2011லேயே அதன் பரப்பு குறைக்கப்பட்டுவிட்டது. அங்கே தரையில் விரித்த தார்ப்பாயின் மேல் நின்றுபோன கைக்கடிகாரங்கள், ஜோடி இல்லாத காலணிகள், பழைய தொலைபேசிகள், யாருடையதோ குடும்ப ஆல்பங்கள் எல்லாம் கிடக்கும். காலாவதியான ஃபிலிமும் கிடைக்கும். நான் அங்கே வாங்கிய ரோலை அங்கேயே போட்டு எடுத்ததுண்டு. ஆனால் மூடப்போகிறார்கள் என்று தெரிந்த பிறகு காலாவதியானதைத் தொடவில்லை, புதிய ஃபிலிமைத்தான் கொண்டுபோனேன். அடுத்த வாரம் இருக்கும் என்று உறுதியாகத் தெரிந்த காட்சிக்குத்தான் நிச்சயமில்லாத ஃபிலிம். பஃபலோ சாலையின் வாழைத்தார் அடுத்த வாரமும் தொங்கும், அதைக் கோல்டில் எடுங்கள். கடையை மூடிவிட்டு ஓய்வுபெறப் போகும் பெரியவர் ஒருவர் உங்களுக்கு முகம் காட்டச் சம்மதித்தால், அந்தப் படத்துக்குப் புதிய ரோல் வேண்டும்.

சந்தைகளில் ஃபிலிம் வாங்குபவர்களுக்காகவும் சில வரிகள் எழுதுகிறேன். அட்டைப்பெட்டியில் உள்ள தேதியைவிட அந்தப் பெட்டி எங்கே இருந்தது என்பதே முக்கியம். அட்டை உப்பியிருந்தாலோ ஒட்டுப்பசை கசிந்திருந்தாலோ, வெயிலையும் ஈரத்தையும் பார்த்த சரக்கு என்று அறிந்துகொள்ளலாம். ஃபிலிமின் நாக்கு வெளியே தெரியாவிட்டால் யாரோ எடுத்து முடித்த ரோலாக இருக்கலாம். எந்த முறையில் கழுவ வேண்டும் என்று டப்பாவில் எழுதியிருப்பதைப் படியுங்கள். சி-41 என்றால் வழக்கமான கலர் நெகட்டிவ், கவலை இல்லை. ஈ-6 என்றால் ஸ்லைடு, அதைக் கழுவுபவரை முதலில் தேடிக்கொள்ளுங்கள். கோடக்கின் பழைய ஸ்லைடு ஃபிலிமான கோடாக்ரோம் என்றால் அழகுக்காக மேசையில் வைத்துக்கொள்ளலாம். அதற்கான கே-14 முறையில் கழுவிக்கொண்டிருந்த கடைசி லேப், அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் இருந்தது. அது 2010 டிசம்பர் முடிவோடு புதிய ரோல்களை ஏற்பதை நிறுத்திவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் லிட்டில் இந்தியா நிறைந்து வழியும். படம் நன்றாக அமையும் என்று பலர் அன்றைக்குப் போகிறார்கள். அங்கே கூடுபவர்களில் பெரும்பாலோருக்கு அது வாரத்தின் ஒரே ஓய்வு நாள். ஊருக்குப் பேசிக்கொண்டிருப்பவரின் முகத்துக்கு நேரே லென்ஸை நீட்டுவதை நான் ஏற்பதில்லை. இது என் தனிப்பட்ட கருத்து.

ஈசூன்வாசி எழுதியது:

மிக்க நன்றி. எச்பி5 எதற்கு என்பது முடிவாகிவிட்டது. இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. சிறிய கேமராவில் ஐஎஸ்ஓவை மாற்றும் வசதியே இல்லை. அதில் பழைய ஃபிலிமை எப்படிக் கையாள்வது? லேப்பில் கொடுக்கும்போது பழைய ரோல் என்று சொல்லிப் ‘புஷ்’ செய்யச் சொல்ல வேண்டுமா?

இருட்டறை எழுதியது:

சிறிய கேமரா, ரோலின் உடலில் உள்ள டிஎக்ஸ் குறியீட்டைப் படித்துத்தான் வேகத்தை அறிகிறது. வெள்ளிநிறக் கட்டங்களில் மின்சாரம் பாயும், கறுப்புக் கட்டங்களில் பாயாது. அந்தப் பகுதி முழுவதையும் மின்சாரம் கடத்தாத டேப்பால் ஒட்டி மூடிவிட்டால், பல கேமராக்கள் ‘எதுவும் தெரியவில்லை, 100 என்று வைத்துக்கொள்வோம்’ என்று முடிவு செய்துவிடும். சுப்பீரியா 400க்கு அதுவே இரண்டு ஸ்டாப் கூடுதல் ஒளி. கையேட்டில் உங்கள் கேமரா அப்படி நடந்துகொள்ளுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டேப்பின் ஓரம் உள்ளே சிக்கிக்கொள்ளாதபடி அழுத்தித் தேய்த்து ஒட்ட வேண்டும். கோல்டு 200ஐ கே1000க்கே விட்டுவிடுங்கள்.

புஷ் செய்யவே சொல்லாதீர்கள். கூடுதல் நேரம் கழுவினால் படத்தோடு மூட்டமும் வளரும். வழக்கமான சி-41, 37.8 டிகிரி, மூன்றேகால் நிமிடம், அதுவே போதும். லேப்பில் சொல்ல வேண்டியது ஸ்கேன் பற்றித்தான். தானியங்கி நிறத் திருத்தத்தை நிறுத்தி, மாறுபாடு குறைந்த தட்டையான கோப்பாகக் கேளுங்கள். பழைய ஃபிலிமின் மூன்று நிற அடுக்குகளும் ஒரே அளவில் கெடுவதில்லை என்பதால், நிழலில் ஒரு சாயமும் வெளிச்சத்தில் வேறொரு சாயமும் ஏறியிருக்கும். இயந்திரம் படம் முழுவதற்கும் ஒரே திருத்தம் போடும். நிழலின் பச்சையை எடுக்கப்போய் முகத்தைச் சிவப்பாக்கிவிடும். வீட்டில் பொறுமையாக நிழலையும் வெளிச்சத்தையும் தனித்தனியே திருத்தினால் பாதிக்குமேல் மீட்டுவிடலாம்.

தேக்கா மாடி எழுதியது:

‘பாதிக்குமேல் மீட்டுவிடலாம்’ என்ற சொற்களை மட்டும் அடிக்கோடிட விரும்புகிறேன். இருப்பினும், ரோல் இலவசமாகக் கிடைத்தது, காட்சியும் மறுபடி கிடைக்கும் என்றால் எடுத்துப் பார்ப்பதில் தவறில்லை. காசு கொடுத்து வாங்குவதைத்தான் நான் தடுப்பேன்.

ஈசூன்வாசி எழுதியது:

ரோல்கள் கழுவி வந்துவிட்டன. சோதனை ரோலில் கோல்டு 200க்கு ஐஎஸ்ஓ 50 சரியாக அமைந்தது, 25இலும் கெடவில்லை. 200இல் எடுத்தவற்றில் நிழல் முழுவதும் சேறாக இருந்தது. சுப்பீரியாவைப் பற்றி ஐயா சொன்னது அப்படியே நடந்திருக்கிறது. ஓர எண்களைத் தேடித்தான் படிக்க வேண்டியிருக்கிறது, மணல் தூவியது போல் எங்கும் குருணை தெரிகிறது.

பஃபலோ சாலையில் காலையில் எடுத்த கோல்டு படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது வெற்றிலைக் கூடைதான். ஈரச் சாக்கை விலக்கி, அடுக்கின் மேல் இருந்த இலைகளைக் கடைக்கார அண்ணன் புரட்டிக் காட்டியபோது எடுத்தது. மேல் இலையின் நரம்புகளும் அதன்மேல் நின்ற நீர்த்துளிகளும் தெளிவாக இருக்கின்றன. பச்சை, கடுகெண்ணெய் நிறத்தை நோக்கிச் சற்று நகர்ந்திருக்கிறது. அவருடைய வெள்ளைச் சட்டை பால்கோவா நிறத்தில் வந்திருக்கிறது. கூடைக்குப் பின்னால் உள்ள இருட்டில் மட்டும் ஊதா படர்ந்திருக்கிறது. கேம்பல் லேனில் பகல் வெளிச்சத்தில் எடுத்த பித்தளைக் குத்துவிளக்குகளுக்கு எந்தக் குறையும் இல்லை. மஞ்சள் நிறப் பொருள்களைப் பழைய ஃபிலிம் அதிகம் துன்புறுத்துவதில்லை போலும்.

அதே இடத்தில், தோரணங்களும் கோல ஒட்டிகளும் தொங்கும் கடையைச் சுப்பீரியாவில் எடுத்தேன். அங்கே தேக்கா மாடி அண்ணனின் வாதம் வென்றுவிட்டது. சிவப்பும் இளஞ்சிவப்பும் செம்மஞ்சளும் ஒன்றோடொன்று கலந்து, எந்தத் தோரணம் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. தேக்கா நிலையத்தின் கீழ்த்தளத்தில், விளக்கொளியில் எடுத்த மீன்கடைப் படங்களும் தேறவில்லை.

எச்பி5இல் பூக்கட்டும் விரல்கள் வந்துவிட்டன. ஆணியில் சுற்றிய நூல், அது இழுபடும்போது விறைத்து நிற்பது வரை தெரிகிறது. அந்த அக்காவுக்கு ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுக்கப் போகிறேன்.

பூக்கடைப் பேத்தி எழுதியது:

கட்டாயம் கொடுங்கள். படம் எடுத்துக்கொண்டு போன எத்தனையோ பேர் ‘அனுப்பிவைக்கிறோம்’ என்று சொல்லியிருக்கிறார்கள். கொடுக்கும்போது சிறியதாகப் போடாமல், கடைச் சுவரில் மாட்டும் அளவில் போடுங்கள்.

இருட்டறை எழுதியது:

மஞ்சளைப் பற்றிய உங்கள் ஊகத்தைப் பொதுவிதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குத்துவிளக்குகள் நேர் வெயிலில் இருந்தன. நிறைய ஒளி வாங்கிய பகுதி எதுவானாலும் மூட்டத்துக்கு மேலே நின்றிருக்கும். தோரணக் கடை நிழலில் இருந்திருக்க வேண்டும், போதாக்குறைக்கு ஃபிலிமும் மோசமானது. நல்ல வெயிலில் அதே தோரணங்களைக் கோல்டில் எடுத்துப் பாருங்கள், பிறகு தேக்கா மாடியோடு வழக்காடலாம்.

மீதமுள்ள ரோல்களை இனியாவது குளிரில் வையுங்கள். காற்றுப் புகாத பையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இட்டு உறைபெட்டியில் வைத்தால், ஏற்கெனவே கெட்டது திரும்பாது, மேலும் கெடுவது வெகுவாகக் குறையும். எடுக்கும் நாளுக்கு முந்தைய இரவே வெளியே வைத்துவிட்டு, அறை வெப்பத்துக்கு வந்த பிறகுதான் பையைத் திறக்க வேண்டும். நம் ஊர்க் காற்றில் உடனே திறந்தால் ஃபிலிமின் மேலேயே நீர் பூத்துவிடும். பையின் மேல் ‘கோல்டு, 50இல் எடுக்கவும்’ என்று எழுதி ஒட்டுங்கள்.

புரோவியாவை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஸ்லைடு கூடுதல் ஒளியைத் தாங்காது, இரண்டு ஸ்டாப் கொடுத்தால் வெளுத்துவிடும். 100இலேயே வைத்து, மிஞ்சிப்போனால் அரை ஸ்டாப் கூட்டுங்கள். கறுப்பு சற்று ஊதாவாகவோ சாம்பலாகவோதான் வரும். பொங்கலுக்குக் கேம்பல் லேனில் கரும்பும் பானையும் வந்து இறங்கும் காலையில், வெயில் தெருவுக்குள் நேராக விழும் நேரமாகப் பார்த்து அதை முடித்துவிடலாம். ஆனால் ஈ-6 கழுவும் இடத்தை இப்போதே விசாரித்து வையுங்கள்.